கோட்டையூர் ஸ்டாப்பிங்கில் உன் விரல்

கோட்டையூர்,
ஞாயிறு

அன்பு மகன் உதயகுமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கை சாலா மூவரும் நலம். நீயும் அமெரிக்காவில் நலம் என்றுதான் நேற்றுக் காலை வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

காரைக்குடி போக டவுன் பஸ் ஏறினேன். முன் சீட்டிலிருந்து புஷ்பவள்ளி மதினி திரும்பி, "ஏத்தா செந்தாமரை, ஒம் மகனுக்கு வெரலு ஒடஞ்சு போச்சாமுல்ல, இப்ப எப்புடி இருக்கு?" என்றார். யார் சொன்னது என்றேன். "யாரு சொல்லணும், அந்தா போர்டுலயே போட்டுருக்காகளே" என்று சன்னலுக்கு வெளியே காட்டினார். ஸ்டாப்பிங்கில் பெரிய ஃபிளக்ஸ். அதில் நீ, பின்னால் ஒரு புலி, நீ ஆடுவது பேஸ்பால், உன் கையில் எவனோ ஒட்டவைத்ததோ கிரிக்கெட் மட்டை. 'விரல் ஒடிந்தும் விலகாத வேங்கையே, அமெரிக்கா அதிர ஆடு! இவண், தாய்மாமன் சின்னக்கருப்பன்.' பெற்ற பிள்ளையின் எலும்பு முறிந்ததை ஃபிளக்ஸில் படித்துத் தெரிந்துகொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இறங்கி நேரே உன் மாமா கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவன் முழிக்கிறான். "யாருட்டயும் சொல்லாதீக மாமான்னு சொன்னான்க்கா. நானும் யாருட்டயும் சொல்லலையே, போர்டுதான வச்சேன்" என்கிறான். சாயங்காலமே கழற்ற வைத்தேன், ஆனால் அதற்குள் அந்தப் படம் ஃபேஸ்புக்கில் ஏறிவிட்டது, மாமாவின் கூட்டாளிகள் பெருமைக்கு உன் டீம் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், எடுக்கச் சொன்னால் ஆளுக்கொரு பக்கம் பகிர்ந்தாகிவிட்டது என்கிறார்கள். தமிழ்தானே என்று நீ அசட்டையாக இருக்காதே, ஒரு பொத்தானை அமுக்கினால் இங்கிலீஷில் வருகிறது, சாலா அமுக்கிக் காட்டினாள்.

வருகிற வெள்ளிக்கிழமை டீமில் ஆள் குறைக்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். அதற்கு முன் விரல் ஒடிந்தது தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துதான் கொப்புளம் என்று பொய் சொல்லி டேப் சுற்றிக்கொண்டு ஆடுகிறாய், மாமாவைக் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். நேற்று அப்பாவும் நானும் உன் போன வார மேட்சைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கிறாய், தரையோடு வந்த பந்தைப் பழையபடிதான் அள்ளுகிறாய், ஆனால் எறிவதற்கு முன் ஒரு எட்டு கூடுதலாக வைக்கிறாய், அதற்குள் ஓடுகிறவன் சேர்ந்துவிடுகிறான். உனக்கு வேகம் குறைந்துவிட்டதென்று வர்ணனை சொல்கிறவர் சொன்னார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். உன் கோச்சும் அதைத்தானே நினைப்பார்? காயம் பட்டவன் என்றால் ஆறும்வரை உட்கார வைக்க ஒரு வழியாவது இருக்கும், வேகம் போனவன் என்று முடிவு செய்துவிட்டால் என்ன இருக்கிறது? நம் வீட்டுப் பின்சுவரில் பந்தெறிந்து எறிந்து நீ காரை பெயர்த்ததும், தேர்வுக்குப் போய் இரண்டு தரம் திரும்பி வந்து மூன்றாவது தரம் டீமில் சேர்ந்ததும் எனக்குத் தெரியாததா, அதனால்தான் சொல்கிறேன். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு விலங்கியல் பரீட்சை எழுதியவள், எலும்பு கோணலாகக் கூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன் நீயே போய்ச் சொல்லிவிடு. இன்றே சொல். பொய் சொன்னதற்குத் திட்டினால் வாங்கிக்கொள். அனுப்பிவிட்டாலும் வா, ஊர் என்ன பேசும் என்று நினைக்காதே, ஊர்வாயை நான் பார்த்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் நடுவில் வைத்துவிடுவாய் என்றுதான் இத்தனையும் எழுதி, சாலாவை விட்டுப் படமெடுத்து இப்போதே வாட்ஸப்பில் அனுப்பச் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. சேவுகப்பெருமாள் உன் கையைக் காக்கட்டும், வாயையும் திறக்க வைக்கட்டும். கோச்சிடம் பேசியதும் எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு, டைப் அடிக்க விரல் வலித்தால் குரலில் அனுப்பு. இந்தத் தடவை மாமாவுக்கு முன்னால் எனக்கு.

உன் அம்மா,
செந்தாமரை