காலில் வடிந்தது

அன்பு மகன் பெரியவனுக்கு, அம்மா எழுதுகிறேன். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள் நான், நீ, உன் மனைவி, உன் தங்கை, அவளுடைய மாமியார், செய்தித்தாளுக்குள் தலையை விட்டிருந்த உன் சித்தப்பா. என் ஞாபகத்தை யாரும் குறை சொல்ல முடியாது. நான் உட்காரப் போன நாற்காலியில் நீ பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டாய். “வயசானா எல்லாருக்கும் வர்றதுதாம்மா, கூச்சப்படாத” என்று ரகசியம் பேசுவதாக நினைத்துச் சொன்னாய். எல்லார் காதிலும் விழுந்தது. சம்பந்தியம்மா டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு காபி குடித்தாள்.

அது மூத்திரம் இல்லையடா. கெண்டைக்காலில் சிவப்பாகக் கட்டிகள் கிளம்பி, உடைந்து, எண்ணெய் போல வடிந்தது. புடவை நனைந்தது அதில்தான். பெற்ற பிள்ளையிடம் முழங்கால் வரை தூக்கிக் காட்டவா முடியும்? அதற்கு இந்தப் பெயரே மேல் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூட்டெல்லாம் வீங்கி நடக்க முடியாமல் போனதும் உன் தங்கை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் பெண் கட்டியிலிருந்து துளி சதை எடுத்தாள், ரத்தம் எடுத்தாள், பிறகு வயிற்றைப் படம் எடுக்கச் சொன்னாள். கால் வலிக்கு வந்தவளுக்கு வயிறு எதற்கு, கண்ணாடி மாற்றம்மா என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கணையத்தில் புற்றுநோயாம். கொழுப்பைச் செரிக்கிற நீர் சுரக்கும் இடம் அது. அங்கே வளர்ந்த புற்றுக்கட்டியும் அதே நீரை அளவில்லாமல் சுரந்து ரத்தத்தில் விடுகிறதாம். அது காலுக்கு வந்து, தோலுக்கடியில் இருக்கிற என் கொழுப்பையே சாப்பாடு என்று செரிக்கிறதாம். காரணம் தெரிந்த பிறகும் வெட்கம் போகவில்லை. நர்ஸ் விரிப்பு மாற்ற வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

ஈரலுக்கும் பரவிவிட்டது. எவ்வளவு காலம் என்று உன் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்கு அது போதும்.

சம்பந்தியம்மா நேற்று வந்து, முகம் சுளிக்காமல் காலுக்குத் துணி மாற்றிவிட்டாள். அவள் மேல் வைத்திருந்த கோபத்தை அங்கேயே விட்டேன். உன் மனைவி மேலும் ஒன்றும் இல்லை.

நீ நன்றாக இரு. போனில் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்காதே, நான் எடுக்க மாட்டேன். நேரில் வந்து கேள், யோசிக்கிறேன். அதுவரை நான் மன்னிக்காத ஒரே ஆள் நீதான், பெரியவனே.

அம்மா