பதிலுக்காக நீ விட்ட இடைவெளி

வாய் ஓயாமல் என்னைச் சாப்பிடச் சொன்ன என் ஆசை அம்மாவுக்கு,

பிலோ எழுதுகிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது. முன்பெல்லாம் என் கடிதத்தைத் தம்பி சவரி படித்துக் காட்டுவான், நீ அடுப்படியிலிருந்தே, "மெதுவா படிடா, ரயிலு போயிடுமா?" என்று அதட்டுவாயாம். இப்போது நீ இருக்கிற இடத்தில் யார் படித்துக் காட்டுவார்களோ தெரியவில்லை. இதை நம் மாதாகோயில் மாத மலரில் போடப்போகிறார்கள், பங்குச் சனங்கள் எல்லோரும் படிப்பார்கள். நீ கூச்சப்படாதே. உன்னைப் பற்றித் தப்பாக ஒன்றும் எழுதவில்லை. தப்பெல்லாம் என்னுடையதுதான்.

இத்தனை வருஷம் கழித்து இப்போது என்ன கடிதம் என்று கேட்பாய். போன வாரம் மடத்துத் தலைவி என்னைக் கூப்பிட்டார். அடுத்த மாதம் நம் மடத்திலிருந்து மூன்று இளம் சிஸ்டர்கள் ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள். "நீங்க பன்னண்டு வருஷம் மடகாஸ்கர்ல இருந்தவங்க. அங்க கத்துக்கிட்டத இந்தப் பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார். பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். நோட்டை விரித்து, பொறுமை, தாழ்ச்சி, கொதிக்க வைத்த தண்ணீர் என்று எழுதினேன். அதற்குமேல் ஓடவில்லை.

மறுநாள் அந்த மூவரில் சின்னவள் வந்தாள். அரியாங்குப்பத்துப் பெண், பெயர் ஜெசிந்தா. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "சிஸ்டர், போவும்போது எங்கம்மா போட்டோ ஒண்ணு எடுத்துட்டுப் போலாமா? இல்ல, அதுவும் பற்றுதானா?" என்று கேட்டாள். "அப்புறம் சொல்றேன் போ" என்று விரட்டிவிட்டேன். அவளுக்குச் சொல்லவேண்டிய பதில் உன்னிடம் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கிளம்பின நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எழுபத்துநாலு. எனக்கு இருபத்து மூன்று வயது. மற்ற சிஸ்டர்களின் அம்மாக்கள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு அழுதார்கள். நீ மட்டும் என் காதோரம் வந்து, "அங்க சிங்கம் இருக்குமாமேடி?" என்றாய். அந்தத் தீவில் சிங்கமே கிடையாது என்றேன். "இல்லன்னு யாரு போயி எண்ணிப் பாத்தா?" என்றாயே! பஸ் திரும்புகிற வரைக்கும் சிரித்தேன். திரும்பின பிறகு அழுதேன். அது உனக்குத் தெரியாது.

சிங்கம் இல்லை அம்மா. சிவப்பு மண், நெல் வயல், மூன்று வேளையும் சோறு தின்கிற சனங்கள். மலைமேல் ஒரு கிராமம், குளிர் எலும்பைக் கடிக்கும். நான் அங்கே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடமும் பாட்டும் சொல்லித்தந்தேன். பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டு லாலாவுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நாலு பிள்ளை பெற்றவள், கோபம் வந்தால் பானையை நங்கென்று வைப்பாள்.

முதல் ஆறு மாதம் நான் யார் வீட்டிலும் கை நனைக்கவில்லை. ஏழைகள், அவர்கள் சோற்றில் நாம் பங்கு கேட்கக்கூடாது என்று எனக்கு ஒரு நினைப்பு. நாம் என்னவோ கோட்டையிலிருந்து போன மாதிரி! சோறு வடித்த பானையில் அடிப்பிடித்ததை அவர்கள் வீணாக்க மாட்டார்கள். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அந்தக் கருகல் வாசத்தோடு குடிப்பார்கள். லாலா ஒரு டம்ளர் நீட்டுவாள், நான் புன்னகையோடு வேண்டாம் என்பேன். ஒரு நாள் அவள் கேட்டாள். அவள் மொழியில் கேட்டதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "எங்க ஊட்டுச் சோறு ஒனக்கு ஆவாதா?"

அருவருப்பில் மறுக்கிறேன் என்று கிராமம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தேன். நீ மில்லுக்குப் போகிற அப்பாவுக்கு அவசரத்தில் தீய்த்துக்கொடுப்பாயே, அந்தச் சோற்று வாசம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. லாலா புகை என்று நினைத்து அடுப்பை ஊதினாள்.

மூன்றாவது வருஷம் உன் கேசட் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த சொல்தா ஒருவர் வீட்டில் நீ சமைத்துக்கொண்டிருந்தாய். அந்த வீட்டு மதாம் தன்னுடைய டேப் ரிக்கார்டர் முன்னால் உன்னை உட்காரவைத்துப் பேசச் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் அவருடைய பிரெஞ்சுப் பாட்டுகள். மறு பக்கம் நீ.

மிஷனில் பேட்டரியில் ஓடுகிற ஒரு பெட்டி இருந்தது. போட்டேன். முதலில் ஒரே இரைச்சல். பிறகு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி நீ கத்தினாய்: "பிலோ! சாப்ட்டியாடி?"

அப்புறம் சத்தமே இல்லை. பெட்டி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். கெடவில்லை. நீ என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாய்! டெலிபோன் என்று நினைத்தாயா அம்மா? இல்லை, கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவது உனக்கு வராதா? கொஞ்சம் பொறுத்து, "என்னா சாப்ட்ட?" மறுபடி இடைவெளி. "ம்ம், அது பத்துமா?" இடைவெளி. "குளுருதாமே அங்க? காதுல துணி கட்டிக்க." நடுவில் ஒரு காக்காயை "ச்சூ, போ!" என்று விரட்டினாய். பிறகு குரலை இறக்கி, "எப்ப வருவ?" அதற்கு நீ விட்ட இடைவெளிதான் ரொம்ப நீளம். "சரி, வேலயப் பாரு" என்றாய். கடைசியில், "நின்னுடுச்சா மதாம்? மெர்சி" என்று அவருக்குப் பிரெஞ்சில் நன்றி சொன்னாய்.

தினமும் சாயங்காலம் சமையற்கட்டில் வைத்துக் கேட்டேன். லாலா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். அர்த்தம் சொன்னேன். "இங்கயும் அதான மொதல்ல கேப்போம்" என்று சிரித்தாள். நீ விட்ட இடைவெளிகளில் நான் பதில் சொல்வேன். சாப்ட்டேன்மா. சோறும் கீரையும். பத்தும்மா. "எப்ப வருவ" வரும்போது மட்டும் பேசாமல் இருப்பேன். லாலா அதைக் கவனித்திருக்கிறாள். "எல்லாத்துக்கும் பதில் சொல்ற, இதுக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டேன்ற?" என்றாள். தெரிந்தால்தானே சொல்வதற்கு?

இனி எழுதப்போவதுதான் பத்து வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது.

மடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தது, பற்றுகளை விடு என்று. நான் பொல்லாத மாணவி அல்லவா, எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆனால் அம்மா குரலைத் தேடி ஓடுகிறேனே, இது என்ன துறவு என்று எனக்குள் ஒரு அரிப்பு. அந்தச் சமயத்தில், பிள்ளைகள் பாடுவதைப் பதிவு செய்து அனுப்பும்படி பிரான்சில் இருக்கிற தாய் மடத்திலிருந்து கேட்டார்கள். அந்த வட்டாரத்தில் புது கேசட் கிடைக்கவில்லை. என்னிடம் இருந்தது உன்னுடையது ஒன்றுதான். யாரும் அதைக் கேட்கவில்லை அம்மா. நானாகத்தான் எடுத்தேன். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்தேன். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, உன் குரலின்மேலேயே அவர்கள் பாட்டைப் பதிவு செய்தேன்.

மதாமின் பாட்டு இருந்த பக்கத்தை அழித்திருக்கலாமே என்று கேட்பாய். அழித்திருக்கலாம். ஆனால் அது எனக்கு வலிக்காதே! வலித்தால்தானே தியாகம்? தியாகியாம் தியாகி! இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் லாலா, "அம்மாவப் போடு" என்றாள். விஷயத்தைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையோடுகூட. அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "யாரக் கேட்டு அவங்கள அனுப்புன?" என்றாள். "தெனம் இங்க வந்து ஒக்காந்த மனுஷி அவங்க. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?" நாலு நாள் என்னோடு பேசவில்லை. பானைதான் பேசியது.

உன்னிடமும் மறைத்தேன். "கேசட்டு கேக்குறியா? இன்னொண்ணு பேசி அனுப்பட்டுமா?" என்று சவரி கையால் எழுதிக் கேட்டிருந்தாய். தினமும் கேட்கிறேன், இது போதும், இன்னொன்று வேண்டாம் என்று எழுதினேன். முதல் பாதி பொய். இரண்டாம் பாதி எப்படிப்பட்ட பாவம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, நீ மார்வலியில் போய்விட்டாய் என்று தந்தி வந்தது. மழையில் பாதை அறுந்து, ஒன்பது நாள் தாமதமாகக் கைக்கு வந்தது. அதற்குள் உப்பளம் கல்லறையில் உன்மேல் மண் காய்ந்திருக்கும். நான் கிளம்பி வந்து யாரைப் பார்ப்பது? வகுப்பை முடித்தேன், மணி அடித்தேன், எப்போதும் போகிற நேரத்துக்குச் சமையற்கட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். பெட்டி அலமாரியில் இருந்தது. அதில் போட்டுக் கேட்க ஒன்றும் இல்லை.

லாலாவுக்கு அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தாள். எதிரில் குந்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, உரக்க, "பிலோ! சாப்ட்டியாடி?" என்றாள்.

அவள் நாக்கில் "ட" ஒழுங்காக வரவில்லை. ஆனால் அந்த இழுப்பு, அந்த அதட்டல், அப்படியே நீ! கேட்டுவிட்டு நீ காத்திருந்த அளவுக்கே காத்திருந்தாள். தட்டின்மேல் கவிழ்ந்து அழுதேன். அவள் விடவில்லை. "என்னா சாப்ட்ட?" என்றாள். காக்காயை விரட்டினாள். "மெர்சி" வரைக்கும் சொல்லி முடித்தாள். போதிக்கப் போனவள் நான். எனக்கு அன்றைக்குக் கிடைத்த போதனை அவ்வளவுதான்.

எண்பத்தாறில் ஊர் திரும்பும் முன், பட்டணத்தில் ஒரு புது கேசட் வாங்கி வந்து அவள் முன்னால் பெட்டியை வைத்தேன். "ஒங்கம்மா பேச்ச நான் பேசுனா நல்லாவா இருக்கும்?" என்று வெட்கப்பட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்தக் கேசட்டை இரண்டு வருஷமாகப் போட்டுக் கேட்காமலே டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். பயம். ஜெசிந்தா கேட்ட பிறகு இருப்புக் கொள்ளவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து கருவடிக்குப்பத்தில் சவரி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். யார், என்ன என்று சொல்லாமல் அவன் டேப் ரிக்கார்டரில் போட்டேன். "பிலோ! சாப்ட்டியாடி?" சவரியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "அக்கா, யாருக்கா இது? வெள்ளக்காரி மாதிரி பேசுறா, ஆனா நம்ம அம்மாக்கா!" என்றான். நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன், அழித்ததையும் சேர்த்து.

அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "நீ வேணாம்னு எழுதுன லெட்டரு வந்தப்ப அம்மா பச்ச சேலய கட்டிக்கினு கெளம்பி நின்னுது. மதாம் ஊட்டுல போயி ரெண்டாவது தடவ பேசறதுக்கு. என்னென்னா கேக்கணும்னு என்னாண்ட சொல்லிச் சொல்லிப் பாத்துது. நான் லெட்டரப் படிச்சேன். 'அவளுக்கு வேலயா இருக்கும்டா'ன்னு சொல்லிட்டு சேலய மடிச்சி வச்சிடுச்சி."

என்னென்ன கேட்க நினைத்தாய் அம்மா? சவரிக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்கிறான். எவ்வளவு துருவியும் கிடைக்கவில்லை. என் வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்விகளுக்கு ஏங்கிக்கொண்டிருப்பேன்.

மீதியைப் போட்டோம். காக்கா போனது. காதில் துணி கட்டச் சொன்னாய். "எப்ப வருவ?" வந்தது. லாலா அந்த நீள இடைவெளியைக்கூடக் குறைக்கவில்லை, அத்தனையும் விட்டிருந்தாள். கேசட் சும்மா சுற்றியது. சவரி என்னைப் பார்த்தான். "வந்துட்டேன்மா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், உனக்குக் கேட்டதா? "சரி, வேலயப் பாரு" என்றாய்.

வேலையைப் பார்க்கிறேன் அம்மா. நாளைக்கு ஜெசிந்தாவைக் கூப்பிடுவேன். போட்டோ எடுத்துப் போ, அது மட்டும் போதாது, உங்கம்மாவை வரும் ஞாயிறு மடத்துக்கு வரச்சொல் என்பேன். மதாம் இடத்தில் நான் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவேன். மூன்று பெண்களின் அம்மாக்களிடமும் ஒன்றுதான் சொல்வேன், இது உனக்கு நான் தருகிற வாக்கு: "ஒரேயடியா பேசிட்டுப் போயிடாதீங்கம்மா. ஒண்ணு கேட்டீங்கன்னா கொஞ்சம் நேரம் விடுங்க. அங்க இருந்து பதில் சொல்லுவா."

சாப்பிட்டுவிட்டேன். சோறும் கீரையும். பத்தும்.

உன் மூத்த மக,
பிலோமினா