தவிட்டுப் பிள்ளைக்கு ஜனன நகல்

புதுச்சத்திரம் தபால்,
வெகுதானிய வருஷம், ஆவணிக் கடைசி.

சிரஞ்சீவி மருதாசலத்துக்கு அம்மா மயிலம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் ஐயனும் கட்டுத்தறியில் நிற்பதுகளும் மாரியாயி புண்ணியத்தில் சுகம். கராச்சியில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், மனசு பொறுக்கவில்லை. உன் ஜனன நகல் கிடைத்துவிட்டது. சர்க்கார் முத்திரையோடு, தாசில்தார் கையெழுத்தோடு, ரிஜிஸ்தர் தபாலில் நேற்றே தனியாக அனுப்பிவிட்டோம். புரட்டாசிக்குள் வயசுக்குச் சாட்சி காட்டாவிட்டால் வேலை காயமாகாது, நிரந்தரமாகாது, இருபத்தைந்து தாண்டினவன் என்று தள்ளிவிடுவார்கள் என எழுதியிருந்தாயே, இனி எவன் தள்ளுகிறான் பார்க்கிறேன். உனக்கு வருகிற ஐப்பசியில்தான் இருபத்து நாலு முடிகிறது. உன் மீசையைப் பார்த்து இருபத்தேழு என்று எழுதிக்கொண்ட உங்கள் கம்பெனி குமாஸ்தா மேஜைமேல் அதை விரித்து வை, பேசாமல் நில், அதுவே பேசும்.

இது எப்படிக் கிடைத்தது என்பதை நீ விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும், அங்கே உன்னோடு இருக்கிற நம் பக்கத்துப் பையன்களுக்கும் நாளைக்கு உதவும். ஆடியில் உன் கடுதாசி வந்ததும் உன் ஐயன் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பொறந்ததுக்கு நாமளே இருக்கறோம், இதுக்கு ஒரு காயிதம் வேறயா என்று சொல்லிவிட்டுக் கமலை ஓட்டப் போய்விட்டார். அவர் அப்படித்தான். நான் மணியக்காரர் வீட்டுக்குப் போனேன். ஊரில் பிறப்பு இறப்பு எழுதுவது அவர்தான் என்றாலும் பழைய புத்தகம் எதுவும் அவரிடம் இருக்காதாம், எழுதி முடித்ததெல்லாம் நாமக்கல் தாலுகா கச்சேரிக்குப் போய்விடுமாம். அங்கே போய் மனுக் கொடுங்க அம்மிணி, வாய் இருந்தா வழி இருக்குது என்றார். மறுநாளே உன் ஐயனையும் இழுத்துக்கொண்டு புதுச்சத்திரத்தில் மோட்டார் ஏறினேன்.

கச்சேரி வாசலில் புளியமரத்தடியில் மனு எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் எங்களைக் கூப்பிட்டு, எந்த வருஷம் என்று கேட்டார். ஆனந்த வருஷம் ஐப்பசி, ராசிபுரத்து மாரியாயி பண்டிகைக்குக் கம்பம் நட்ட வாரம் என்றேன். அவர் சிரித்தார். அதெல்லாம் கச்சேரியில செல்லாதுங்கம்மா, இங்கிலீசு வருசம் வேணும், தெரியாட்டி முன்னப் பின்ன அஞ்சு வருசம் தேடச் சொல்லி எழுதிடறேன் என்றார். ஒவ்வொரு வருஷத்துக்கும் தனியாகத் தேடுகூலி என்பதை மணியக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார். இவருக்கு என்ன, எழுதுவதோடு சரி. நான் விடவில்லை. ஜெர்மன் சண்டை மூண்டதென்று ஊரில் தமுக்கடித்தது அந்த ஆடியில், பிள்ளை பிறந்தது ஐப்பசியில், சண்டை மூண்ட வருஷத்தை எழுதுங்க என்றேன். அவர் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு என்று எழுதினார். ஆகவே தெரிந்துகொள், தமிழ் வருஷம் மட்டும் நினைவிருந்தால் ஊரறிந்த சங்கதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் இங்கிலீஷ் வருஷத்துக்கு ஏணி.

மனுவில் ஸ்டாம்பு ஒட்டி உள்ளே கொடுத்தோம். பழைய தஸ்தாவேஜுகளைப் பார்த்துக்கொள்கிறவர் பாலசுந்தரம் என்று ஒருவர், நிதானமான மனுஷர். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போனோம். தகப்பன் குழந்தைவேல் என்ற பெயருக்கு அந்த வருஷம் முழுக்க ஆண் குழந்தை எதுவும் பதிவாகவில்லை என்று மனுவின் பின்னால் எழுதி வைத்திருந்தார். உன் ஐயன் முகம் செத்துப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும், இத்தனை வருசம் ஒழைச்ச பையன் ஒரு வரி எழுத்து இல்லாம வெளிய நிக்கணுமா என்று கேட்டார். அன்றைக்கு நானும் அழுதேன், மறைப்பானேன்.

ஆனால் எனக்கு ஒரு பிடிவாதம். மணியக்காரர் ஒரு மாதத்துக் கணக்கைக்கூட விடாமல் எழுதி அனுப்புகிறவர் என்று ஊரே சொல்லும். ஊரில் பிறந்த பிள்ளை புத்தகத்தில் இல்லாமல் எங்கே போகும்? மறுபடி நாமக்கல் போய் பாலசுந்தரத்திடம், பேரை விட்டுருங்க சாமி, ஊரைப் பிடிங்க, தேதியைப் பிடிங்க, எங்க ஊர்ல ஐப்பசி கார்த்திகையில பொறந்ததை எல்லாம் ஒவ்வொண்ணா வாசிங்க என்றேன். எங்கள் ஊரில் என்ன, நகரமா, இரண்டு மாதத்தில் நாலைந்து பிரசவம் இருந்தால் அதிகம். அவரும் சலிக்காமல் புத்தகத்தை எடுத்து வாசித்தார். எல்லாம் எனக்குத் தெரிந்த வீடுகள்தான். நடுவில், தகப்பன் பெயர் சடையன், ஆண் குழந்தை, பெயர் வைக்கவில்லை என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நிமிஷம் கச்சேரி என்றும் பாராமல் சிரித்துவிட்டேன். உன் ஐயன் பயந்துபோய் என் கையைப் பிடித்தார்.

உனக்குப் புரிந்திருக்கும். நீ மாமா என்று கூப்பிடுகிற பக்கத்துக் காட்டுச் சடையண்ணனுக்கும் அவர் சம்சாரம் பூவாத்தாள் நங்கைக்கும் அன்றும் பிள்ளையில்லை, இன்றும் பிள்ளையில்லை. உனக்கு முன்னால் எனக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நீ பிறந்த அன்றே உன்னைப் பூவாத்தாள் மடியில் போட்டு, உங்கள் பிள்ளை என்று கொடுத்துவிட்டு, பிறகு ஒரு முறம் தவிடு கொடுத்து விலைக்கு வாங்கினோம். எமனுக்குப் போக்குக் காட்டத்தான் அது. மூக்கும் குத்தினோம். உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று ஊர்ப் பையன்கள் கேலி செய்ய நீ மண்ணில் புரண்டு அழுவாயே, அது உன் ஒருவன் விஷயத்தில் முழுக்க நிஜம். ஆனால் சடையண்ணன் இந்த வேலையை அரைகுறையாகச் செய்யவில்லை. தவிடு வாங்குவதற்கு முன்னால், நீ இன்னும் அவர் பிள்ளையாக இருந்த அந்த அரைநாளில், மணியக்காரரிடம் நேரே போய், எம்பட ஊட்டுல பையன் பொறந்திருக்கறான் எழுதிக்குங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எமன் சர்க்கார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாலும் ஏமாறட்டும் என்று. யார் பெயரில் எழுதச் சொன்னார் என்று எங்களிடம் மூச்சு விடவில்லை. நாங்களும் அவர் எழுதச் சொல்லிவிட்டார் என்ற மட்டில் இருந்துவிட்டோம்.

பாலசுந்தரமும் சிரித்தார், ஆனால் உடனே, இந்த நகலை வெச்சு உங்க பையனுக்குப் பிரயோசனம் இல்லைங்கம்மா, தகவல் கொடுத்தவரே தாசில்தார் முன்னாடி வந்து சொன்னாத்தான் திருத்த முடியும் என்றார். அங்கேதான் இடி விழுந்தது. கிளுவை வேலியைச் சடையண்ணன் நம் பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டாரென்று உன் ஐயனும் அவரும் பேச்சை முறித்துக்கொண்டது உனக்குத் தெரியும், நீ கராச்சிக்கு ரயிலேறிய அன்றுகூட அவர் வழியனுப்ப வரவில்லை. உன் ஐயன், அவங்கிட்ட நான் போயி நிக்கறதா, தலை போனாலும் மாட்டேன் என்றார். உங்களை எவர் கேட்டது என்று நானே போனேன். அவர் தாழியில் மாட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். போச்சு என்று நினைத்தேன். சலவை வேட்டியும் தலைப்பாகையுமாக வெளியே வந்தார். பையனுக்குன்னா வாரேன், உம்பட ஊட்டுக்காரனுக்காக இல்ல என்றார். நான் அதற்கும் சரி என்றேன். மோட்டாரில் அவர் முன்னால், உன் ஐயன் பின்னால், நடுவில் நான் உட்கார்ந்து போனேன்.

தாசில்தார் கடுகடுப்பாகத்தான் இருந்தார். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம் என்று தெரியுமா என்று சடையண்ணனைக் கேட்டார். சடையண்ணன் தலைப்பாகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பொய்யில்லீங்க சாமி, நான் சொன்ன நேரத்துக்குப் பையன் எம்படவன்தானுங்க, பொழுது சாயத்தான் தவிட்டுக்குக் குடுத்தேனுங்க, முன்ன ரெண்டு போயிருச்சுங்க, இதாவது நிக்கட்டும்னு மூக்குக் குத்தித் தவிட்டுக்குக் குடுத்தோமுங்க என்றார். தாசில்தாரின் கை தானாக மூக்குக்குப் போயிற்று. அப்போதுதான் நான் பார்த்தேன், அவர் மூக்கிலும் உனக்கு இருக்கிற மாதிரியே தூர்ந்துபோன துளை. என் தாயார் கம்பு கொடுத்து வாங்கினாளாம் என்று மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு நாற்காலி போடச் சொல்லி, எங்கள் மூவரிடமும் தனித்தனியாக வாக்குமூலம் வாங்கி, உத்தரவு எழுதிவிட்டார்.

புத்தகத்தை எங்கள் முன்னாலேயே கொண்டுவந்து வைத்து, பக்கத்து ஓரத்தில் சிவப்பு மையால், பிள்ளை பெயர் மருதாசலம், தகப்பன் பெயர் குழந்தைவேல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சடையண்ணன் எட்டி எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. எம்பேரை அழிச்சுட்டீங்களா சாமி என்று கேட்டார். சர்க்கார் புத்தகத்தில் எழுதினதை யாரும் அழிக்கக் கூடாது, ஓரத்தில்தான் திருத்தம், உங்கள் பெயர் உள்ளபடியே இருக்கும் என்றார் தாசில்தார். எத்தனை காலத்துக்குங்க என்று கேட்டார். கச்சேரி உள்ள வரைக்கும் என்றார். சடையண்ணன் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்னால் போன உன் ஐயன், அவர் தூண் ஓரமாக நின்று கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் போய், சடையா, ஊட்டுக்குப் போயி சாப்பிடலாம் வா என்றார். வேலி அங்கேயேதான் இருக்கிறது, அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

சாமி, எண்ணெய் தேய்த்துக் குளி, அங்கத்து ரொட்டியையே தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நகலை மடிக்காமல் டிரங்குப் பெட்டியில் வை, கம்பெனிக்கு ஒரு பிரதி எழுதிக் கொடுத்து அசலைத் திருப்பி வாங்கிக்கொள். உனக்குக் குழந்தை பிறந்தால் எத்தனை முறம் தவிட்டுக்கு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பதிகிற இடத்துக்கு நீயே போ. தீர்க்காயுசாக, காயமான வேலையோடு, நல்லபடியாக இரு. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. வேலை காயமானதும் எங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் சடையண்ணனுக்கு ஒரு கடுதாசி போடு. நான்தான் போய்ப் படித்துக் காட்டப் போகிறேன், ஆகையால் மாமா என்று ஆரம்பிக்காதே. சர்க்கார் புத்தகத்தில் உள்ளபடி ஆரம்பி.

இப்படிக்கு,
உன்னைப் பெற்று, பெற்ற பிள்ளையையே தவிடு கொடுத்து வாங்கிய அம்மா,
கு. மயிலம்மாள்.