தோ, வந்துனே இருக்கேன்

என் ஆசை நைனாவுக்கு,

உன் முதல் வருஷ நினைவு நாளுக்குக் கூட்டு ரோட்டில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். மாமா ஏற்பாடு. அதில் நீ கோட்டு போட்டிருக்கிறாய். கல்யாணத்தன்றுகூடக் கோட்டு போடாத உனக்கு, ஸ்டூடியோக்காரர் தலைக்குக் கீழே எவருடைய உடம்பையோ ஒட்டிவிட்டார். பார்த்ததும் சிரித்தேன், அப்புறம் அழுதேன். கீழே 'ஓயாது உழைத்த உத்தமரே' என்று போட்டிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து உன்னோடு சண்டை போட வேண்டும் போல இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மைக்செட் ஒன்று போதாதா நைனா உனக்கு? வீட்டு ஒயரிங், கிணற்று மோட்டார், கல்யாண சீரியல் லைட் என்று எல்லாவற்றையும் ஏன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாய்? யார் போன் பண்ணினாலும் உன் பதில் ஒன்றுதான். "தோ, வந்துனே இருக்கேன்." நான் மொபெட்டில் உன் பின்னால் உட்கார்ந்திருப்பேன். வண்டி சீயமங்கலம் பக்கம் போகும். நீ மேல்சித்தாமூர்க்காரரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பாய். "பொய்தான நைனா?" என்று முதுகில் குத்தினால், "பொய் இல்லடி. மனசு கெளம்பிட்டுது, வண்டிதான் லேட்டு" என்பாய்.

அது எனக்கும் தொற்றிக்கொண்டது. நீ போன அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் உன் போன் என் கையில் இருந்தது. டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார், அம்மா தரையில் கிடந்தாள். போன் அடித்தது. யாரோ மோட்டார் ரிப்பேருக்குக் கூப்பிட்ட அண்ணன். "தோ, வந்துனே இருக்காரு அண்ணா" என்றேன். என் வாய்தான் சொன்னது. அவர் பொழுது சாயும்வரை கிணற்று மேட்டில் காத்திருந்தாராம். மறுநாள் மாலையோடு வந்து, என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்தக் காலையில் எனக்கு ஜுரம், ஞாபகம் இருக்கிறதா? டீச்சர் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். "தோ, வந்துனே இருக்கேன்மா" என்றாய். பள்ளிக்கூட வாசலில் நின்றேன், நின்றேன், நீ வரவில்லை. நீ கூட்டு ரோட்டுக் கடைவீதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது வண்டியின் பின்னால் கோன் ஸ்பீக்கர் கட்டியிருந்ததாம். அப்போ திருவிழாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாய். எனக்கும் அதே பொய்தானா? ஒரு வருஷமாக இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது உன் போன் என்னிடம். மைக்செட்டும் என்னிடம்தான். அம்மா துணிக்கடை வேலைக்குப் போகிறாள், தம்பி சின்னவன். "அப்பன உரிச்சு வெச்சிருக்கா, ஒத்த ஆளா எல்லாத்தையும் பாத்துக்கறா" என்று தெருவே மெச்சுகிறது. அந்த மெச்சல்தான் என்னைக் கட்டிப் போட்டிருக்கிறது. திட்டினால் எதிர்த்துப் பேசலாம். மெச்சுகிறவர்களிடம் என்ன சொல்வது?

நடுவில் பிளஸ் டூ. நர்சிங் போக வேண்டும் என்று நீதானே ஊரெல்லாம் சொல்லி வைத்தாய்? கெமிஸ்ட்ரி லேபில் ஒரு சோதனை இருக்கிறது. மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும், கீழே குடுவையில் லேசாக ரோஸ் நிறம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கெட்டது. எனக்கு ஒவ்வொரு தடவையும் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும். "கண்ணு இங்க இருக்குது. நீ எங்கடி இருக்கற?" என்பார் மிஸ். எங்கே இருந்தேன்? ரேஷனில், ஆம்ப்ளிஃபையரில், தம்பி ஷூவில்.

போன வாரம், பிராக்டிகலுக்கு முந்தின நாள் சாயங்காலம், கூட்டு ரோட்டு பஸ் ஸ்டாண்டு எதிரே உன் மொபெட்டில் வந்துகொண்டிருந்தபோது மிஸ் போன் பண்ணினார். "லேப தொறந்து வெச்சிருக்கேன், வந்து ஒருவாட்டி செஞ்சு பாத்துடு." அடுத்து அம்மா. "ரேஷன்ல இன்னிக்குதான் கடைசியாம், போய் கைரேக வெச்சு அரிசி வாங்கிடு." அடுத்தது ஏழுமலை அண்ணன், உன் மாசித் திருவிழாக்காரர். "மைக்கு ஒரே எரைச்சல் பாப்பா, சாமி பொறப்படணும், ஓடியா." மூன்று பேருக்கும் "தோ, வந்துனே இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் கை வரவில்லை நைனா. எந்தப் பக்கம் திருப்புவது? எதிரே ஃப்ளெக்ஸில் நீ கோட்டோடு சிரிக்கிறாய். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். நீயும் இதே இடத்தில்தானே விழுந்தாய்? எனக்கு ரொம்ப பயமாக இருந்தது.

வண்டியை ஓரங்கட்டி அம்மாவைக் கூப்பிட்டேன். "வரலம்மா. நாளைக்குப் பரீட்ச." அம்மா போனை வைத்துவிட்டாள். அப்புறம் ஏழுமலை அண்ணன். "வரலண்ணா. வேற யாரயாச்சும் பாத்துக்குங்க." அவருக்கு வந்ததே கோபம்!

"அப்பனும் பொண்ணும் சொல்லி வெச்ச மாதிரி கழுத்தறுக்கறீங்க. போன வருசமும் இப்டித்தான். பாதி வழியில போன் பண்ணி, வரலப்பா, பொண்ணுக்கு ஜுரம், ஸ்கூலுக்குத் திரும்பிட்டேன், வேற ஆளப் பாருன்னுட்டாரு."

"எப்பண்ணா?"

"அன்னிக்குத்தான் பாப்பா," என்றார். குரல் இறங்கிவிட்டது. "நீ போ. பரீட்சயப் பாரு."

நடுரோட்டில் நின்று அழுதேன். நீ யாருக்கும் 'வரல' சொல்லி நான் கேட்டதே இல்லையே. எனக்காக ஒரு தடவை சொல்லியிருக்கிறாய்.

லேபுக்குப் போனேன். மூன்றாவது தடவையில் அந்த ரோஸ் நிறம் லேசாக வந்து அப்படியே நின்றது. மறுநாளும் நன்றாகத்தான் செய்தேன். ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. ரேஷன் அரிசி போய்விட்டது, அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பங்குனித் திருவிழாவுக்கு வேறு செட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். உன் போன் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன் நைனா. உன் பதிலை இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். பொதுத்தேர்வு முடிகிறவரை புத்தகம் மட்டும்தான், மைக்செட் பரணில் இருக்கட்டும். கூப்பிடுகிறவர்களிடம் 'வரல' என்றே சொல்வேன். வாய் கூசினாலும் சொல்வேன்.

ஜுரத்தோடு பள்ளிக்கூட வாசலில் உன்னைத் திட்டிக்கொண்டு நின்றாளே ஒருத்தி, அவளிடமும் சொல்லிவிட்டேன். உன் நைனா பொய் சொல்லலடி, வந்துனேதான் இருந்தாரு.

உன் மூத்த பொண்ணு,
பவித்ரா