வான் திரும்பி வந்ததைக் கண்டவருக்கு

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.

அன்புள்ள றஊப் நானாவுக்கு,

தேனுகா எழுதுகிறேன். டோஹாவில் வேலையும் உடம்பும் சுகமென்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியில் கதைக்கப் பயம். அதனால் அங்கே திரும்பும் உங்கள் மச்சானிடம் கொடுத்து விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் ரிப்கா கிண்ணியாவிலிருந்து உங்கள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது. என் மூக்குக்கண்ணாடியை இழுத்து எறிந்துவிட்டுச் சிரிக்கிறாள்.

சாப்பிட்ட பிறகுதான் ரிப்கா அழத் தொடங்கினாள். "அக்கா, இவர் ஃபோன் எடுக்கிற நேரமெல்லாம், நான் வாய் திறக்காம இருந்திருந்தா இராகுலன் இண்டைக்கும் இருந்திருப்பார் எண்டு சொல்லிச் சொல்லி அழுறார்" என்றாள்.

அப்படி நினைக்காதீர்கள், நானா. படகுகளில் போதைப்பொருள் இறங்குவதை நீங்கள் சொன்னீர்கள், பத்திரிகையில் எழுதியது என் கணவர். முதல் கட்டுரைக்கே மிரட்டல் வந்தது. "இதோட விடுங்கோவன், ஊருக்குத்தான் தெரிஞ்சிட்டுதே" என்று கெஞ்சினேன். "ஊருக்கு எப்பவோ தெரியும் தேனு. ஆர் எண்டு பெயரோட எழுதினாத்தான் செய்தி" என்றார். அடுத்த கட்டுரையில் அந்தப் படகுகளின் முதலாளி பெயரைப் போட்டார். அந்தக் கிழமையே கப்பல்துறையில் இவருடைய மோட்டார் சைக்கிளை வான் இடித்தது.

இடித்த வான் திரும்பி வந்து இவர்மேல் ஏறியதை நேரில் கண்ட நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். பிறகு உங்கள் வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். நீங்கள் டோஹாவுக்குப் போனதில் பிழையில்லை.

வழக்கு அடுத்த மாதம். பிரேக் பிடிக்கவில்லை என்கிறான் சாரதி. கண்ட ஒருவர் சொல்லாவிட்டால் இது விபத்தாகவே முடியும் என்கிறார் வழக்கறிஞர்.

உங்களை வரச் சொல்லி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஏலாமல் இருக்கிறது. வராதீர்கள். அங்குள்ள தூதரகத்திலிருந்து காணொளியில் சாட்சி சொல்ல நீதிமன்றத்திடம் கேட்கலாமாம். ஆனால் உங்கள் பெயர் வெளியே வரும். ரிப்காவும் பிள்ளையும் கிண்ணியாவில் இருக்க ஏலாமல் போகலாம். அதை மறைத்துவிட்டு உங்களிடம் கேட்க எனக்கு மனமில்லை. ரிப்காவிடமும் சொன்னேன். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அவர்ட விருப்பம் அக்கா" என்றாள்.

என் மகள் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறாள். 'என் அப்பா வீதி விபத்தில் இறந்தார்' என்று ஒரு வரி. ஆசிரியை அதற்குப் பக்கத்தில் சரி போட்டிருக்கிறார். நான் கொப்பியை மூடி வைத்துவிட்டேன்.

எந்த முடிவு எடுத்தாலும் நீங்கள் எனக்கு நானாதான். அல்லாஹ் உங்களையும் பிள்ளையையும் காக்கட்டும். ஏலாது என்றாலும், அதையாவது எழுதி அனுப்புங்கள்.

உங்கள் தங்கச்சி,
தேனுகா இராகுலன்