தாழ்ந்த சுருதியில் ஒரு பல்லவி

ஜனவரி 6, 2025, திங்கள்

புயல் கொட்டிவிட்டுப் போன தண்ணீர் ஒருவழியாக வடிந்தது. உப்பளத்தில் இன்று மிதி வேலை தொடங்கியாயிற்று. பாத்தித் தரையை வரிசையாக நின்று காலால் மிதித்து இறுக்க வேண்டும். இறுகினால்தான் உப்புத்தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். வருஷா வருஷம் வரிசைக்குக் குரல் கொடுப்பவள் நான். நான் ஓர் அடி பாடுவேன், மற்றவர்கள் பதில் அடி பாடுவார்கள், கால்கள் எல்லாம் ஒன்றாக விழும்.

இன்று நான் வாயைத் திறக்கவில்லை.

ஆராயி பக்கத்தில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளும் நானும் ஒரே வருஷம் இந்த அளத்துக்கு வேலைக்கு வந்தவர்கள், அவளிடம் எதையும் மறைக்க முடியாது. "இன்னாடி செல்வி, ஆரம்பி" என்றாள். கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். ஆகஸ்டில் தைராய்டு கட்டியை எடுத்த இடம். "அதான் ஆறிப்போச்சே" என்றாள்.

ஆறியது தோல் மட்டும்தான். உள்ளே இருந்த குரல் போய்விட்டதே, அதை யாரிடம் சொல்ல?

ஜனவரி 7

இன்றும் வாய் பேசாத மிதி. எருமைக் கூட்டம்கூட இதைவிட ஒழுங்காக நடக்கும்.

ஜனவரி 12, ஞாயிறு

பூசை முடிந்து படி இறங்கும்போது ஃபாதர் கூப்பிட்டார். பிப்ரவரி ஒன்பதாம் தேதி மாதா திருவிழாப் பூசை. "பதிலுரைப் பாடல் எப்பவும்போல நீங்கதானே?" என்றார்.

முதல் வாசகம் முடிந்ததும் ஒருவர் பல்லவி எடுக்க, மற்றவர்கள் பதில் பாடுகிற பாடல் அது. பதினாறு வயதிலிருந்து திருவிழாவுக்கு அதைப் பாடுகிறவள் நான்தான். அஞ்சரைக் கட்டைச் சுருதியில் எடுத்து, கடைசி அடியை மேலே கொண்டுபோய் நிறுத்துவேன். கோயிலில் ஒரு சத்தம் இருக்காது. திண்டிவனத்திலிருந்து வருகிறவர்கள், "யார் அந்தப் பொண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அது எனக்குப் பிடிக்கும். கர்வம் என்றால் கர்வம்தான்.

"கலைமதியைப் பாடச் சொல்லுங்க ஃபாதர். நல்ல குரல்."

"கலைமதி நல்லாத்தான் பாடும். ஆனா நான் உங்களக் கேட்டேன். ஜெபம் பண்ணிட்டு சொல்லுங்க."

ஜெபம் பண்ணாமலா இருக்கிறேன்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து தினமும் ஒரே ஜெபம். என் குரலைத் திருப்பிக் கொடும். என் குரலைத் திருப்பிக் கொடும். ஆண்டவருக்கே சலித்திருக்கும்.

ஜனவரி 14, பொங்கல்

ஆராயி தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். முந்திரியை எல்லாம் என் வீட்டுக்காரர் அந்தோணி பொறுக்கித் தின்றுவிட்டார்.

சாயங்காலம் குக்கர் விசில் அடிக்கும்போது, யாருக்கும் கேட்காது என்று பாடிப் பார்த்தேன். மேலே ஏறும் இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. கூடத்தில் அந்தோணி டிவி சத்தத்தைக் குறைத்தார். கேட்டுவிட்டார்! ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கூட்டிவைத்தார். நல்ல மனுஷன். ஆரோவில்லில் பகலெல்லாம் மரம் இழைத்துவிட்டு வருகிறவர், எதை இழைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

ஜனவரி 20, திங்கள்

இன்று முதல் மூன்று பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் திறந்தார்கள். இரண்டில் நின்றது. மூன்றாவதில் மத்தியானத்துக்குள் பாதி காணோம். தரையில் அங்கங்கே குழைசேறு, கால் வைத்தால் புதைகிறது.

மேஸ்திரி பாலகுரு வரப்பில் நின்று கத்தினார். "இன்னாம்மா இது? மிதிச்சீங்களா, இல்ல ஊர்வலம் போனீங்களா? ஆளாளுக்கு மிதிச்ச எடத்தையே மிதிச்சு வெச்சிருக்கீங்க, நடுவுல அப்படியே வுட்டுட்டீங்க!"

அவர் சொன்னது சரி. குரல் இல்லாவிட்டால் இப்படித்தான். களைத்தவள் முன்னால் போனவளின் தடத்திலேயே கால் வைப்பாள், அங்கே மெத்தென்று இருக்கும். புது இடத்தில் அழுத்தி வைக்கப் பாட்டுதான் இழுக்க வேண்டும். மற்றவர்கள் யாரும் என் பேரைச் சொல்லவில்லை. வரிசையில் நின்ற விஜயலட்சுமி மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

நான் வாயை மூடியதால் பாத்தி ஒழுகுகிறது. அவ்வளவு பேருடைய உழைப்பு.

ஜனவரி 21

ஆண்டவரே, கோவம் கோவமா வருது. வேற எதையாவது எடுத்திருக்கலாமே? கை வலிச்சாலும் வேலை செஞ்சிருப்பேன். கால் நொண்டினாலும் வந்திருப்பேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானே. நீர் கொடுத்ததுதானே. கொடுத்துட்டு ஏன் பிடுங்கினீர்? நான் என்ன—

வேண்டாம். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன்.

ஜனவரி 23, வியாழன்

இதை எழுத வேண்டும்.

மூன்றாவது பாத்தியைத் திரும்ப மிதித்தோம். வரிசை நின்றது. யாரும் தொடங்கவில்லை. ஆராயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "உன்ன பாடச் சொல்லல. கத்து. மாட்ட ஓட்டற மாதிரி கத்து. இன்னொரு வாட்டி இதை மிதிக்க என் முட்டியில தெம்பு இல்ல" என்றாள்.

சரி, அவமானம் ஒரு தடவைதான் என்று கத்தினேன். பழைய சுருதியில் வரவில்லை, ரொம்பக் கீழே, ஆம்பளைக் குரல் மாதிரி, மணலைக் கலந்த மாதிரி வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது பதில் வந்தது. வழக்கமாக வருகிற முனகல் இல்லை. எல்லாரும் வாய்விட்டு. இருமல்காரி அஞ்சலையும்கூட. கால்கள் தொம் தொம்மென்று ஒன்றாக விழுந்தன. வெயில் ஏறுவதற்குள் பாத்தி முடிந்துவிட்டது.

கஞ்சி குடிக்கும்போது ஆராயி சாதாரணமாகச் சொன்னாள்: "முன்னாடியெல்லாம் நீ பாடுனா நாங்க கேட்டுக்கினு இருப்போம். எங்கியோ மேல பூடுவ, எங்களுக்கு எட்டாது. இப்பதான் கூடப் பாட முடியுது."

மாங்காய் ஊறுகாயை நக்கிக்கொண்டே சொன்னாள். நான் கஞ்சித் தூக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

அளத்தில் கத்துவது வேறு, பீடத்துக்குப் பக்கத்தில் மைக் முன்னால் நிற்பது வேறு. இன்று கலைமதி பாடினாள், தேன்தான். எனக்குப் பின்வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "மேரிசெல்வி பாவம், எப்படி இருந்த குரல்" என்றாள். செத்துப்போனவளைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று திரும்பிச் சொல்லியிருக்கலாம். அந்தக் கரகரப்பைக் கேட்டால் இன்னும் பாவப்படுவார்கள் என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஒன்று தெரிகிறது. இந்த வருஷம் மறுத்துவிட்டால் இனி என்றைக்கும் அந்த இடத்தில் நிற்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கொடியேற்றம். கடற்காற்றில் கொடி படபடவென்று அடித்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள், நான் குனிந்து ஜெபித்தேன். வழக்கமான ஜெபத்தைத் தொடங்கினேன். "என் குரலை" என்றவுடன் நின்றுபோனேன்.

என் குரல். என்னுடையதா அது?

இத்தனை மாதமாக ஆண்டவரிடம் பழைய பொருளைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது கையில் என்ன வைத்திருக்கிறார் என்று ஒரு நாளாவது பார்த்தேனா? வேதத்தில் அவர் கூப்பிட்ட ஆட்களில் "என்னால் முடியும்" என்று வந்தவன் யார்? ஆடு மேய்த்தவனும் மீன் பிடித்தவனும்தான். எல்லாரும் முதலில் சொன்னது, என்னால் ஆகாது என்றுதான். அவருக்கு வேலை செய்ய அந்த ஆகாத இடமே போதும்போல.

ஜெபத்தை மாற்றினேன். ஆண்டவரே, இந்தக் குரலை வைத்து என்ன செய்யப் போகிறீர்? எனக்குத் தெரியவில்லை. நீர் செய்யும், நான் நிற்கிறேன்.

ஃபாதரிடம் போய், "நான் பாடறேன்" என்றேன். அவர், "சரி" என்றார். ஏதோ நேற்றே தெரிந்த மாதிரி. எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 5, புதன்

கடைசிப் பாத்தி மிதிக்கிறோம். குரல் கொடுக்கும்போது நடுவில் திருவிழாப் பல்லவியை நுழைத்துவிட்டேன். சின்னப் பல்லவி, அவரே என் பலம் என்று சொல்வது. கால் தாளத்துக்குச் சரியாக உட்கார்ந்தது. எல்லாரும் பதில் பாடினார்கள்.

விஜயலட்சுமி, "இது யார் பாட்டு?" என்றாள். மாதா கோயில் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை திருவிழாவில் பாடப் போகிறேன் என்றேன்.

"சாமி பாட்டுதானே, நல்லாத்தான் இருக்குது. இன்னொரு வாட்டி எடு" என்றாள் ஆராயி.

பிப்ரவரி 8, சனி

ஒத்திகை. ரெண்டு கட்டையில் வாசிக்கச் சொன்னேன். கீபோர்டு தம்பி, "அக்கா, இது ஆம்பளைங்க சுருதிக்கா" என்றான். ஒத்திகையில் இரண்டு இடத்தில் குரல் அறுந்தது. கலைமதி என் கையைப் பிடித்து, "முடியலன்னா சொல்லுங்கக்கா, நான் ரெடியா இருக்கேன்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

நாளைக்கு வரலன்னா? மைக்ல வெறும் காத்து வந்தா? ஊரே வந்திருக்குமே. எதுக்கு ஒத்துக்கினேன் நான்? எதுக்கு?

நிற்கிறேன் என்று சொன்னேன். பாடிக் காட்டுகிறேன் என்று சொல்லவில்லை. நிற்பது மட்டும்தான் என் வேலை.

பிப்ரவரி 9, ஞாயிறு, மாதா திருவிழா

சேலைகூட மாற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில்.

முதல் வாசகம் முடிந்தது. போய் நின்றேன். கோயில் நிரம்பி வாசலுக்கு வெளியேயும் கூட்டம். தம்பி சுருதி கொடுத்தான். வாயைத் திறந்தேன். ஒன்றுமே வரவில்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. தம்பி முன்னிசையை மறுபடி வாசித்தான். முன்வரிசையில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கலைமதி எழுந்திருக்கப் போவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

என்னிடம் இருந்தது அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது. "ஆண்டவரே, இனிமே நீர்தான்" என்றேன். உதடு அசைந்ததா என்று தெரியவில்லை. தலை தானாகக் குனிந்தது. கீழே என் கால்கள் தெரிந்தன. உப்பில் வெடித்த கால்கள். இடது காலை அழுத்தினேன். வலது காலை அழுத்தினேன். பாத்தியில் மிதிக்கிற மாதிரியே. அடுத்த இடது காலுக்குக் குரல் வந்தது.

கரகரவென்றுதான் வந்தது. அதே மணல். ஆனால் நடுங்கவில்லை. நெஞ்சுக்குக் கீழேயிருந்து, நான் தள்ளாமலே வந்தது. பல்லவியை முடித்து நிறுத்தினேன்.

இத்தனை வருஷமாக இந்த இடத்தில் பாடகர் குழு மட்டும் பதில் பாடும், சனம் வாயைப் பார்க்கும். இன்று பின்னால் வாசற்பக்கமிருந்து ஒரு குரல் கிளம்பியது. ஆராயி! நெற்றியில் குங்குமத்தோடு, திருவிழாச் சேலையில், அளத்துப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து நின்று, பாத்தியில் பாடுகிற அதே சத்தத்தில். அவர்களோடு கதவோரம் நிற்கிற ஆண்கள் சேர்ந்தார்கள். பூசைக்கு வந்து வாட்ச்சைப் பார்க்கிற கூட்டம் அது. அவர்களுக்கு எட்டுகிற சுருதியில் இந்தக் கோயிலில் யார் பாடியிருக்கிறார்கள்? இரண்டாம் தடவை கோயில் முழுக்கப் பாடியது. மூன்றாம் தடவை மைக் எதற்கு என்று இருந்தது.

நடுவில் ஒரு குரல் தாளமும் இல்லாமல் சுருதியும் இல்லாமல் தனியாகக் கேட்டது. யாரடா இது என்று பார்த்தால் அந்தோணி. என் புருஷன் அந்தோணிராஜ், இருபத்திரண்டு வருஷமாகக் கோயிலில் உதட்டை அசைக்காத மனுஷன், தலையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு பாடுகிறார். கண்ணில் தண்ணீர் வழிகிறது, துடைக்கக்கூட இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே கடைசி அடியை முடித்தேன்.

என் பலம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அது முதல் சுருதியிலேயே தீர்ந்துபோனது. அதற்கப்புறம் பாடியது முழுக்க அவருடையது. இதை யார் வந்து கேட்டாலும் சொல்வேன்.

பூசை முடிந்து வந்து, "எங்களுக்கு ஏதாச்சும் சாப்பாடு போடுவீங்களா, சும்மா கத்தவுட்டு அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டாள் ஆராயி. பிரியாணி போட்டோம்.

பிப்ரவரி 10

முந்தானையால் வாயை மூடியவள் தேடி வந்து, அடுத்த ஞாயிறும் அதே சுருதியில்தானே என்று கேட்டாள். அவள் வீட்டுக்காரர் கேட்டுவரச் சொன்னாராம்.

மார்ச் 12, புதன்

மூன்றாவது பாத்தியில் முதல் உப்பு வாரினோம். துளி சேறு இல்லை. பாலகுரு அள்ளிப் பார்த்துவிட்டுத் திட்டாமல் போனார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு. ஆளுக்கொரு பிடி எடுத்துக்கொண்டோம். ஆராயி அவள் அம்மன் கோயிலுக்கு, நான் மாதா பீடத்துக்கு.

ஏப்ரல் 3, வியாழன்

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் செக்கப். அந்தோணி லீவு போட்டுவிட்டு வந்தார். டாக்டரம்மா தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். புண் நன்றாக ஆறியிருக்கிறதாம். "மேல் சுருதி மட்டும்தான் இன்னும் வரல. ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணலாம், கொஞ்சம் திரும்பி வர வாய்ப்பிருக்கு. பாடறவங்கன்னு சொன்னீங்களே, யோசிங்க" என்றார்.

ஜனவரியில் இதைச் சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

யோசிக்கவே தேவைப்படவில்லை. "வேணாம் டாக்டர். இதுதான் என் குரல்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மேல போயிட்டா இவரால கூட வர முடியாது" என்று அந்தோணியைக் காட்டினேன்.

அந்தோணி வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மரக்காணம் பஸ்ஸில் கூட்டம், கடைசி சீட்டுதான் கிடைத்தது. காலாப்பட்டு தாண்டியதும் என் காதுக்குப் பக்கத்தில் பல்லவியை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வழக்கம்போல சுருதி சேரவில்லை. நானும் கூடப் பாடினேன்.