கமிட்டியில் கேட்ட அபிப்பிராயம்

1935 டிசம்பர் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி காயவில்லை. பிரசவ வார்டு முழுக்க ஈர நாற்றம்.

மலைக்கோட்டைப் பக்கம் காலரா என்று பேச்சு. உடனே சூப்பிரண்டு டாக்டர் உத்தரவு: வெளியிலிருந்து சோறு, தண்ணீர், இளநீர் எதுவும் வார்டுக்குள் வரக்கூடாது. நர்ஸுகள் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்ரீரங்கத்துப் பெண்கள் குழாய்த் தண்ணீரை வாயில் வைக்க மாட்டார்கள். குழாய்த் திருகுக்குள் மாட்டுத்தோல் வளையம் இருக்கிறதாம், தீட்டாம். குழாயில் வருவதும் அதே காவேரிதான், சொன்னால் யார் கேட்கிறார்கள்? அதனால் வீட்டிலிருந்து வரும் தண்ணீரை அவர்கள் பாத்திரத்திலேயே, அவர்கள் கண்ணெதிரே கொதிக்க வைத்துக் கொடுத்து வந்தோம். ஒரு தகராறு கிடையாது. இன்று அந்த அடுப்பையே தூக்கிவிட்டார்கள்.

டிச. 10, செவ்வாய்

வாங்க: சோப்பு, ஊக்கு, தலைவலித் தைலம்.

மூன்றாம் படுக்கை வேதவல்லி. தலைப்பிரசவம் முடிந்தவள். நேற்றிலிருந்து ஜுரம். நிறையக் குடிக்க வேண்டியவள், உதட்டைக்கூட நனைக்கவில்லை. கெஞ்சிப் பார்த்தேன்.

"குழாய் ஜலம் ஆகாது நர்ஸம்மா. எங்காத்துலேர்ந்து வரட்டும், குடிக்கறேன்."

வராது என்று எப்படிச் சொல்வது? அவள் புருஷன் கூஜாவோடு வாசலில் நிற்கிறார். காவல்காரன் விரட்டுகிறான்.

மேட்ரனிடம் போனேன். "நாளைக்கு ஆஸ்பத்திரிக் கமிட்டி. நர்ஸுங்க சார்பா ஒருத்தி வரணுமாம். நீயே வா, வந்து சொல்லு." ஒரே சந்தோஷம் எனக்கு. முட்டாள்.

டிச. 11, புதன்

கமிட்டி. அவர்களுக்கு நாற்காலி, காபி. நான் சுவரோரம் நின்றபடி. புது வாசல் வளைவு பற்றி வெகுநேரம் பேச்சு. பிறகு சூப்பிரண்டு என் பக்கம் திரும்பி, "வார்டு கதவுக்குத் திரை போடறோம். பச்சையா, நீலமா? உங்க அபிப்பிராயத்தைச் சொல்லுங்க."

பச்சை என்றேன். அதே மூச்சில் தண்ணீரையும் எடுத்தேன். கொதித்த தண்ணீரில் பயமில்லை, அடுப்பைத் திருப்பிக் கொடுங்கள், ஒரு பெண் குடிக்காமல் கிடக்கிறாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா."

ஜவுளிக்கடை மெம்பர் சிரித்தார். மேட்ரன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீ! என்ன ஜன்மங்கள்.

டிச. 12, வியாழன்

வெயில். வேதவல்லியை அழைத்துப் போய்விட்டார்கள். ஜட்காவில் படுக்க வைத்து. குழந்தை மாமியார் கையில். புருஷனை மறித்தேன்.

"ஜுரத்தோட வேண்டாம் சார், விட்டுட்டுப் போங்க."

"இங்கே இருந்தா தாகத்துலேயே போயிடுவா."

சூப்பிரண்டிடம் சொன்னதற்கு, "அவங்க இஷ்டம்." படுக்கை காலியானதில் திருப்திபோல. கூட வேலை பார்க்கும் ரோஸ்லின், "விடுடி, நாம யாரு?" என்கிறாள். அவள் முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

டிச. 14, சனி

பச்சைத் திரை வந்துவிட்டது. எல்லோரும் பாராட்டு. செருப்பு வார் அறுந்துபோச்சு.

டிச. 17, செவ்வாய்

மறுபடி மழை. வாசலில் யாரோ கூப்பிடுவதாகச் சொன்னார்கள். வேதவல்லியின் புருஷன். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாளாம். குழந்தைக்குப் பசும்பால் எப்படிக் கொடுப்பது என்று கேட்க வந்தார். எவ்வளவு தண்ணீர் விட வேண்டும், எப்படிக் காய்ச்ச வேண்டும், எல்லாம் சொன்னேன். தலையாட்டினார். போகத் திரும்பியவர் நின்றார்.

"சூப்பிரண்டு டாக்டரைப் பார்த்தேன். நர்ஸுகளையும் கமிட்டியிலே வச்சுக் கேட்டுண்டுதான் ஜலத்தை நிறுத்தினதாச் சொல்றார். நீங்கதான் இருந்தேளாமே?"

இருந்தேன் என்றேன்.